டீசல் பம்பில் ரோலர் டாப்பெட்: தேய்ந்ததை மட்டும் மாற்றலாமா, ஆறையும் மாற்றலாமா?

எஞ்சினுக்கு டீசலைப் பாய்ச்சும் பம்பைப் பிரித்தாகிவிட்டது. கேம் ஷாஃப்டின்மேல் உருண்டு, டீசலை அழுத்தும் பிளஞ்சரை மேலே தள்ளும் ரோலர் டாப்பெட்டுகள் ஆறில் ஒன்று தேய்ந்திருக்கிறது. மற்ற ஐந்தும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா? எங்கள் பழைய ஆறு சிலிண்டர் லாரிக்கு இந்தக் கேள்வி வந்தபோது ஆறையும் மாற்றினேன். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன். ஒன்றோடு நிறுத்திக்கொள்வது சரியாக இருக்கும் இடமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பேசுவது மைக்கோ ஏ வகை இன்லைன் பம்பைப் பற்றி. அதில் சிலிண்டருக்கு ஒன்றாகப் பிளஞ்சர்கள் ஒரே வரிசையில் நிற்கும். நிறுவனத்தின் பெயர் 2008இல் பாஷ் என்று மாறிவிட்டாலும் பம்ப் கடைகளில் அது இன்னும் மைக்கோதான்.

முதலில் சோதனை. எண்ணெய் ஒட்டிய டாப்பெட்டை ஆட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எண்ணெய்ப் படலம் ஆட்டத்தை மறைத்துவிடும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின் ரோலரை மேலும் கீழும் அசைத்து, டயல் கேஜில் அளவு பார்க்க வேண்டும். ரோலர், அதற்குள் இருக்கும் புஷ், அதைத் தாங்கும் பின் ஆகிய மூன்றின் தேய்மானமும் சேர்ந்துதான் அங்கே தெரியும். ரோலரின் முகத்தில் நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. ஊசிமுனை அளவுக்குச் சாம்பல் நிறக் குழி தெரிந்தாலும், கடினப்படுத்திய மேல்தோல் பெயரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் தேய்மானம் வேகம் பிடிக்கும். அந்த ரோலர் ஓடிய கேம் லோபையும் (கேம் ஷாஃப்டில் உள்ள மேட்டையும்) அப்படியே தடவிப் பாருங்கள். லோபில் குழி இருந்தால் கேம் ஷாஃப்டையும் மாற்றியே ஆக வேண்டும். பழுதான லோபின்மேல் புது ரோலர் வைத்தால் அதுவும் சீக்கிரம் கெடும்.

விலையைப் பார்த்தால் ஒன்றை மாற்றுவதுதான் மலிவு. அதில் விவாதமே இல்லை. ஆனால் செலவின் பெரும்பகுதி டாப்பெட்டில் இல்லை, ஃபேசிங்கில், அதாவது ஆறு சிலிண்டருக்கும் டீசல் பாயும் இடைவெளியைச் சமமாக்குவதில் இருக்கிறது. ரோலர் தேயத் தேய பிளஞ்சர் தாழ்ந்து உட்காரும். அந்தச் சிலிண்டருக்கு மட்டும் டீசல் தாமதமாகப் பாயத் தொடங்கும். ஆறு சிலிண்டர் பம்பில் அடுத்தடுத்த பாய்ச்சல்களுக்கு இடையே 60 டிகிரி இருக்க வேண்டும். அரை டிகிரிக்கு மேல் முன்பின் ஆகக் கூடாது. பம்ப் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால், பம்பில் அரை டிகிரி பிசகினால் கிராங்க் ஷாஃப்டில் அது ஒரு டிகிரி. டாப்பெட் திருகை ஏற்றி இறக்கி, லாக் நட்டை இறுக்கி, பம்பைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் பெஞ்சில் ஆறையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். ஒரு டாப்பெட்டை மாற்றினாலும் ஆறை மாற்றினாலும் இந்த வேலை ஒன்றேதான். பம்பைக் கழற்றுவது, கேம் ஷாஃப்டை உருவுவது, திரும்பப் பூட்டி எஞ்சினில் டைமிங் வைப்பது எதுவும் குறையாது.

மற்ற ஐந்தும் அதே பம்பில், அதே எண்ணெயில், அதே காலம் ஓடியவை. எஞ்சின் 1,800 சுற்றில் போகும்போது ஒவ்வொரு ரோலரும் நிமிடத்துக்கு 900 முறை லோபின்மேல் ஏறி இறங்குகிறது. இன்று அவை அளவுக்குள் நிற்கலாம். ஆறு மாதத்தில் ஒன்று தேய்ந்தாலும், இப்போது கொடுத்த கூலி முழுவதையும் மறுபடி கொடுக்க வேண்டும். அதற்குமேல், லோடு ஏற்றாமல் லாரி நிற்கும் நாட்களின் நஷ்டம் வேறு. ஐந்து டாப்பெட்டின் விலையை அதோடு ஒப்பிட்டதும் என் தயக்கம் போய்விட்டது.

ஒன்றை மட்டும் மாற்றுவது எப்போது சரி? பம்ப் சமீபத்தில் முழுதாகப் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். தூசியோ உலோகத்துகளோ சிக்கி அந்த ஒரு ரோலர் மட்டும் இறுகியிருக்க வேண்டும். மற்ற ஐந்தின் ஆட்டமும் புதியதற்கு நிகராக இருக்க வேண்டும். அப்போதும் அந்த ஐந்தையும் எடுத்த துளையிலேயே திரும்பப் போடுங்கள். ஒவ்வொரு ரோலரும் தன் லோபோடு பழகியிருக்கும். பழைய பம்பிலிருந்து கழற்றி விற்கும் டாப்பெட் வேண்டவே வேண்டாம்.

திருகுக்குப் பதிலாக ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து ஃபேசிங் செய்யும் பம்புகளை நான் வைத்திருந்ததில்லை. அங்கேயும் கணக்கு இப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன். உங்கள் பம்ப் கடைக்காரர் வேறு சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

எந்த வழியில் போனாலும், பூட்டுவதற்கு முன் பம்பில் இருந்த எண்ணெயை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் எலிமென்ட் (பிளஞ்சரும் அதன் உறையும் சேர்ந்த ஜோடி) கசிந்து எண்ணெயை நீர்க்க வைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது டாப்பெட் போடுவது வீண். பெஞ்சில் எடுத்த ஆறு ஃபேசிங் அளவையும் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பம்ப் பெஞ்சுக்கு வரும்போது, எந்தச் சிலிண்டர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.