இறந்தகால ஐயங்களுக்கு ஓர் அகராதி: ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி இணையப் பதிப்பு

ஆங்கில வினைச்சொற்களின் இறந்தகால வடிவங்களில் ஐயம் எழுந்தால் நம்மில் பெரும்பாலோர் நாடுவது மூன்று பத்திகள் கொண்ட வினைச்சொல் அட்டவணையைத்தான். ‘கோ, வென்ட், கான்’ என்று உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்த தலைமுறைகள் பல. அந்த அட்டவணையின் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே வினை பொருளுக்கேற்ப இருவேறு இறந்தகால வடிவங்களை ஏற்கும்போதும், ஒரு வினையின் இறந்தகாலமே மற்றொரு வினையின் நிகழ்காலமாக அமைந்துவிடும்போதும் அது நம்மைக் கைவிட்டுவிடுகிறது. அத்தகைய இடங்களில் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரியின் கட்டணமில்லா இணையப் பதிப்பு எவ்வளவு துணைநிற்கிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி உடன் பணியாற்றியவர்களோடு சேர்ந்து தொகுத்து, 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதியே இதன் மூலம். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதை வெளியிட்டது. பத்தாம் பதிப்பு 2020இல் வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பதை வகுப்பறையில் கண்டறிந்தவர் தொடங்கிய பணி என்பதால், பிற அகராதிகள் ‘இது தெரிந்திருக்கும்’ என்று விட்டுவிடும் செய்திகளை இது பொறுமையாக எடுத்துரைக்கிறது. வினைச்சொல் ஒன்றைத் தேடினால், ‘வெர்ப் ஃபார்ம்ஸ்’ என்னும் பகுதியில் அதன் எல்லா வடிவங்களும் ஒலிக்குறிப்புடன் விரிகின்றன.

இந்த அகராதியின் தரத்தை அறிய ‘லை’, ‘லே’ என்னும் இரு வினைகளைத் தேடிப் பார்ப்பதே போதுமானது. படுத்தலையும் கிடத்தலையும் குறிக்கும் ‘லை’ இறந்தகாலத்தில் ‘லே’ என்றும், அட்டவணையின் மூன்றாம் வடிவமான பாஸ்ட் பார்ட்டிசிபிளில் ‘லெய்ன்’ என்றும் ஆகிறது. ஒன்றை ஓரிடத்தில் வைத்தலைக் குறிக்கும் ‘லே’ தனி வினை. அதன் இரு வடிவங்களும் ‘லெய்ட்’. பொய் சொல்லுதலைக் குறிக்கும் இன்னொரு ‘லை’யோ வழக்கமான முறையில் ‘லைட்’ என்று முடிகிறது. ‘சற்று நேரம் படுத்திருந்தேன்’ என்று எழுத நினைப்பவர் ‘லெய்ட் டவுன்’ என்று எழுதிவிடுவது நம்மிடம் மட்டுமல்ல, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுவோரிடமும் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை. இவ்விரு சொற்களையும் ஒப்பிட்டு விளக்கும் தனிக் குறிப்பு ஒன்றை அகராதி கட்டமிட்டுத் தருகிறது. எந்த வினைக்குச் செயப்படுபொருள் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதும் அங்கே தெளிவாகிறது. தமிழ் இலக்கணம் கற்றவருக்கு இது அயலான செய்தியே அன்று. கிட, கிடத்து, எழு, எழுப்பு, விழு, வீழ்த்து என்று நாம் தன்வினையையும் பிறவினையையும் பிரிப்பதைப் போலவே, ஆங்கிலத்திலும் ‘லை’க்கு ‘லே’, ‘ரைஸ்’ என்பதற்கு ‘ரெய்ஸ்’, ‘ஃபால்’ என்பதற்கு ‘ஃபெல்’ என இணைகள் உள்ளன. ‘லே ஆஃப்’ என்று நாளிதழ்களில் அன்றாடம் படிக்கும் தொடரில் வருவதும் இந்தப் பிறவினைதான். நிறுவனம் ஊழியரை நீக்குகிறது, ஆகவே ‘லெய்ட் ஆஃப்’. பள்ளிகளில் இந்த இணைகளைத் தன்வினை பிறவினைப் பாடத்தோடு சேர்த்தே கற்பித்தால், பிள்ளைகளின் மனப்பாடச் சுமை பெருமளவு குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பொருளால் பிரியும் வடிவங்களிலும் அகராதி பிழையின்றி வழிகாட்டுகிறது. சட்டையை ஆணியில் மாட்டியதற்கு ‘ஹங்’. தூக்குத் தண்டனையைக் குறிக்கும்போது ‘ஹேங்டு’. விலை இவ்வளவு ஆனது என்றால் ‘காஸ்ட்’ மாறாமல் நிற்கிறது. ஒரு திட்டத்துக்கு ஆகும் செலவை முன்கூட்டிக் கணக்கிட்டார்கள் என்றால் மட்டும் ‘காஸ்டட்’. விளக்கு ஒளிர்ந்ததற்கும் காலணியைத் துடைத்து மெருகேற்றியதற்கும் ‘ஷைன்’ வெவ்வேறு வடிவம் எடுக்கிறது. இவ்வேறுபாடுகள் அந்தந்தப் பொருளுக்கு அருகிலேயே, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு தரப்பட்டிருப்பதுதான் அட்டவணைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு.

ஒலிப்பதிவுகளை நான் குறிப்பாகப் பாராட்ட வேண்டும். ‘ரீட்’ என்னும் வினை எழுத்தில் சிறிதும் மாறாமல் இறந்தகாலத்தில் ‘ரெட்’ என ஒலிக்கிறது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் ‘லீட்’ என்பதற்கும் அதே முறையைப் பின்பற்றி, ‘லெட்’ என்னும் இறந்தகால வடிவத்தை ஈயத்தைக் குறிக்கும் சொல்லின் எழுத்துகளால் எழுதிவிடுகிறார்கள். வழக்கமான வினைகளின் ஈறுகூட மூன்று விதமாக ஒலிக்கிறது. ‘வாஷ்’, ‘கால்’ ஆகியவற்றின் இறந்தகால ஈறுகள் தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் முன்னது வல்லோசை, பின்னது மென்மையான அதிர்வோசை. ‘வான்ட்’ என்பதிலோ ஓர் அசையே கூடுகிறது. பிரித்தானிய, அமெரிக்க உச்சரிப்புகள் இரண்டையும் ஒவ்வொரு வடிவத்துக்கும் கேட்க முடிவதால், ஆசிரியர் அருகில் இல்லாதவரும் திருத்தமாகப் பழகலாம்.

நாட்டு வழக்குகளைச் சுட்டிக்காட்டும் குறிப்புகளும் உண்டு. ‘கெட்’ என்பதற்குக் ‘காட்டன்’, ‘டைவ்’ என்பதற்கு ‘டோவ்’, ‘ப்ளீட்’ என்பதற்கு ‘பிளெட்’ ஆகியவை வட அமெரிக்க வழக்கு என்று குறிக்கப்படுகின்றன. ‘லேர்ன்ட்’, ‘லேர்ன்டு’ இரண்டும் ஏற்கப்படுகின்றன. பிரித்தானிய முறையில் படித்துவிட்டு அமெரிக்க நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் எழுதுவோருக்கு இது பெரிய உதவி.

குறைகளும் இல்லாமல் இல்லை. குழப்பம் தரும் எல்லா இணைகளுக்கும் ‘லை’, ‘லே’ பெற்ற கவனம் கிடைக்கவில்லை. ‘ஃபைண்ட்’ என்பதன் இறந்தகாலமான ‘ஃபவுண்ட்’, நிறுவுதல் என்னும் பொருளில் தனி வினையாகி ‘ஃபவுண்டட்’ என்று முடிவதை, இரண்டு பதிவுகளையும் திறந்து தாமே ஒப்பிடுபவர்தான் உணர முடியும். ‘ஃப்ளோ’ என்பதற்கு ‘ஃப்ளோன்’ என்று எழுதுபவர், அது பறத்தலைக் குறிக்கும் ‘ஃப்ளை’க்கு உரிய வடிவம் என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. விளக்கங்கள் முழுவதும் ஆங்கிலத்திலேயே இருப்பதால் தொடக்க நிலையினருக்கு இது எளிதன்று. எட்டாம் வகுப்புக்குக் கீழுள்ள மாணவர்கள் பெரியவர் ஒருவரின் துணையோடு பயன்படுத்துவதே நல்லது. மேலும், ‘டிட் நாட்’ என்பதற்குப் பின் ‘வென்ட்’ எழுதும் பழக்கம் சொல்வடிவக் குழப்பமன்று, வாக்கிய அமைப்பைப் பற்றியது. அதற்கு இலக்கண நூலையோ ஆசிரியரையோதான் அணுக வேண்டும்.

கல்லூரி மாணவர்கள், போட்டித் தேர்வு எழுதுவோர், அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதுவோர் ஆகியோருக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். தேடும்போது இறந்தகால வடிவத்தைக் கண்டதோடு நின்றுவிடாமல், அதற்குக் கீழுள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இரண்டையாவது வாய்விட்டுப் படியுங்கள்; ‘ஹங்’, ‘ஹேங்டு’ போன்றவற்றில் எது எங்கே வரும் என்பது அந்த வாக்கியங்களில்தான் பிடிபடுகிறது.