விடை வந்தது, கணக்கு வரவில்லை: வீட்டுப்பாட உதவிக்குப் பணம் கட்டி ஏமாந்த கதை

இயற்பியல், முக்கோணவியல் வீட்டுப்பாடத்துக்கு இணையத்தில் பணம் கட்டி உதவி வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நாங்கள் இரண்டு மாதம் கட்டினோம். போன பணத்தைக்கூட விட்டுவிடலாம். தப்பாகப் படித்ததை மனதிலிருந்து அழித்துத் திரும்பப் படிக்க வைக்கத்தான் பெரும்பாடு பட்டோம்.

மகளுக்கு அந்த வருடம்தான் இரண்டு பாடமும் ஒன்றாக ஆரம்பம். இயற்பியலில் விசையைக் கூறு போடச் சொல்கிறார்கள், அதற்கு சைன், காஸ் வேண்டும். கணக்கு வகுப்பிலோ அது அப்போதுதான் மெதுவாகத் தொடங்கியிருந்தது. எனக்கு எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், கர்ணம் என்பதோடு ஞாபகம் நின்றுவிட்டது. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டிய தாளோடு இரவு பத்து மணிக்கு அவள் விழித்துக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது அந்த விளம்பரம்: எந்தக் கேள்வியானாலும் 30 நிமிடத்தில் வல்லுநரின் விடை, படிப்படியான விளக்கத்தோடு, முதல் ஏழு நாள் இலவசம். இலவசத்துக்கு எதற்கு அட்டை எண் கேட்கிறார்கள் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். அவசரத்தில் கொடுத்துவிட்டேன்.

முதல் நாலைந்து விடைகள் சரியாகவே வந்தன. புத்தகத்தில் பின்பக்கம் விடை கொடுத்திருந்த கணக்குகள் அவை என்பது பிறகுதான் உறைத்தது.

இலவச நாட்கள் முடிந்து முதல் மாதக் கட்டணம் போன பிறகு கேட்ட கணக்கு இது. தரையிலிருந்து 30 டிகிரி கோணத்தில், வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை எறிந்தால் எவ்வளவு தூரத்தில் விழும்? வேகத்தின் வர்க்கத்தை சைன் 60ஆல் (கோணத்தின் இரு மடங்கு) பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் வகுக்க வேண்டும். சூத்திரத்தைச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். அடுத்த வரியில் விடை −12.44. அதற்கும் அடுத்த வரியில் 12.44 மீட்டர். நடுவில் ஒரு குறிப்பு: ‘தூரத்துக்குக் குறி கிடையாது.’

மகள் அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு போனாள். தாள் திரும்பி வந்தபோது ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: ‘ரேடியன்!’

சைன் 60 டிகிரி என்றால் 0.866. ரேடியன் என்பது கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு. கால்குலேட்டர் அதில் இருக்கும்போது அதே 60ஐத் தட்டினால் −0.305 வரும். அந்த ‘வல்லுநர்’ டிகிரிக்கு மாற்றாமலே தட்டியிருக்கிறார். இது யாருக்கும் வரக்கூடிய தவறுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் முன்னால் எறிந்த பந்து பின்னால் 12 மீட்டர் தள்ளி விழுகிறது என்று விடை வந்தால் எங்கேயோ தப்பு என்று கை நிற்க வேண்டாமா? அவர் குறியை மட்டும் துடைத்துவிட்டு, அதற்கு ஒரு காரணத்தையும் எழுதி அனுப்பிவிட்டார். நான் ஏமாற்று என்று சொல்வது இந்தத் துடைப்பைத்தான்.

அன்று மாலை மகள் சூத்திரம் இல்லாமலே போட்டுப் பார்த்தாள். சைன் 30 என்றால் பாதி; 20இல் பாதி 10, அது மேல்நோக்கிய வேகம். மேலே போய்த் திரும்ப 2.04 வினாடி. கிடைமட்ட வேகம், 20ஐ காஸ் 30ஆல் பெருக்கினால், 17.32. இரண்டையும் பெருக்கினால் 35 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மூன்று வரிக் கணக்கு, முடிந்தது.

சரி, ஒரு தடவை சறுக்கிவிட்டது என்று விட்டுவிட்டோம். அந்தப் பெருந்தன்மைக்கு விலை அடுத்த மாதக் கட்டணம்.

அடுத்தது சாய்தளம். உராய்வே இல்லாத, 30 டிகிரி சாய்ந்த பலகையில் 5 கிலோ கட்டை சறுக்குகிறது, முடுக்கம் என்ன? வந்த விடை 8.49. அதாவது 9.8ஐ காஸ் 30ஆல் பெருக்கியிருக்கிறார்கள். ஏன் சைன் இல்லை, ஏன் காஸ் என்று மகள் அரட்டைப் பெட்டியில் கேட்டாள். ‘விடை சரிபார்க்கப்பட்டது. தொடர் கேள்விகளுக்குத் தனிக் கட்டணம்’ என்று பதில் வந்தது.

“அம்மா, பலகையைச் சாய்க்காம தரையில வெச்சா கோணம் பூஜ்யம்தானே? காஸ் பூஜ்யம் 1. அப்போ சும்மா கிடக்குற கட்டை முழு வேகத்துல ஓடணுமே!”

எனக்கு அந்த இடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. சைன் பூஜ்யம் பூஜ்யம், அதனால் தரையில் கட்டை நகராது. 90 டிகிரியில் சைன் 1, பலகை செங்குத்தாக நிற்கும், கட்டை 9.8 முடுக்கத்தோடு விழும். அப்படியானால் 30 டிகிரிக்கு 4.9. (கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்து கொடுத்திருந்தால் காஸ் சரிதான். அதனால்தான் படம் வரையச் சொல்கிறார்கள். எங்களுக்கு வந்த ஒரு விடையிலும் படம் இருந்ததில்லை.)

புடவை வாங்கினால் சாயம் போகிறதா என்று துவைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வீட்டுப்பாட விடையை வாங்குகிறவருக்கு அது சரியா தப்பா என்று பார்க்கத் தெரியாது, தெரிந்தால் வாங்கவே மாட்டார். இந்த வியாபாரம் ஓடுவது அந்த இடைவெளியில்தான். ஆகவே பணம் கட்டும் முன், உங்களுக்கு விடை நிச்சயமாகத் தெரிந்த ஒரு கணக்கை அனுப்பிப் பாருங்கள். அது புத்தகத்தில் இருக்கும் கணக்காக வேண்டாம், எண்களை மாற்றி அனுப்புங்கள். விடை வந்ததும் நடுவில் ஒரு வரியைக் காட்டி ‘இது ஏன்’ என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் என்றால் அதற்கும் முன்பே, “நீ எது வரைக்கும் போட்டே, எங்கே நின்னுச்சு?” என்று கேட்டிருப்பார். இரண்டு மாதத்தில் எங்களை ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாவது மாதம், பள்ளித் தளத்தின் கடவுச்சொல்லைக் கொடுத்தால் வீட்டுப்பாடத்தைத் தாங்களே மகள் பெயரில் ஏற்றிவிடுவதாக எழுதினார்கள். கொடுக்கவில்லை. யாரும் கொடுக்காதீர்கள். மதிப்பெண், முகவரி, ஆசிரியருக்கு எழுதிய கடிதம் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. பிறகு பணம் கேட்டு மிரட்டினாலும் பிள்ளை வெளியே சொல்லப் பயப்படும்.

விலகுவது தனிக் கூத்து. சேர ஒரு பொத்தான் போதும். விலகுவதற்கு மூன்று பக்கம் தாண்டி, அரட்டையில் காத்திருந்து, காரணம் சொல்லி, ‘பாதிக் கட்டணத்தில் தொடருங்களேன்’ என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அத்தனைக்கும் பிறகு மூன்றாம் மாதக் கட்டணத்தையும் எடுக்கப் பார்த்தார்கள். வங்கியைக் கூப்பிட்டு அட்டையை முடக்கினேன். கட்டியதைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘விடை வழங்கப்பட்டுவிட்டதால் இயலாது’ என்றார்கள். தப்பான விடையும் விடைதானாம்.

கடைசியாக ஒரு மின்னஞ்சல்: எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்? மகள் என் கையிலிருந்து போனை வாங்கி கருத்துப் பெட்டியில் −12.44 என்று தட்டினாள். கீழே ஒரு வரியும் சேர்த்தாள்: ‘குறியை நீங்களே எடுத்துவிடுங்கள்.’