வாட்சில் மைலா, கிலோமீட்டரா?

இங்கிலாந்தில் ஓட ஆரம்பிக்கிறவர்களுக்குச் சீக்கிரமே வருகிற குழப்பம் இது: ஓடும் தூரத்தைக் காட்டும் ஜிபிஎஸ் வாட்சை எந்த அளவில் வைப்பது? சாலைப் பலகைகளும் கார் ஸ்பீடோமீட்டரும் மைலில் இருக்கும். சனிக்கிழமை காலையில் பூங்காவில் நடக்கும் பார்க்ரன் மட்டும் 5 கிலோமீட்டர். (பெட்ரோலை லிட்டர் கணக்கில் போட்டுவிட்டு, கேலனுக்கு எத்தனை மைல் கொடுக்கிறது என்று பேசுகிற நாடு இது. ஒழுங்கை எதிர்பார்க்கக் கூடாது.) கிலோமீட்டரிலேயே வளர்ந்த நான், லண்டன் மாரத்தானில் இடம் கிடைத்ததும் வாட்சை மைலுக்கு மாற்றினேன். அதில் திருப்திதான். ஆகவே இந்த அலசலில் நடுநிலையைத் தேடாதீர்கள்.

கிலோமீட்டரின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பத்துப் பத்தாகக் கணக்குப் போடலாம். 5 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் முடிக்க வேண்டுமா, கிலோமீட்டருக்கு 5 நிமிடம், அவ்வளவுதான். அதையே மைலில் கேட்டால் 8 நிமிடம் 3 விநாடி என்று வந்து நிற்கும். டிராக்கில் ஓடுகிறவர்களுக்கும் மீட்டர்தான் சரி. 400 மீட்டரில் நான்கு சுற்று ஓடினாலும் 1609 மீட்டர் சொச்சம் உள்ள மைலுக்குக் கொஞ்சம் குறையும். ஊரில் ஓடும் நண்பர்களோடு நேரத்தை ஒப்பிடவும் கிலோமீட்டர்தான் தோது.

மைலின் பக்கம் பெருமை அதிகம். 1954-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பேனிஸ்டர் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியது ஒரு மைலைத்தான். மாரத்தானின் விநோத நீளமும் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி ஓடிய 26 மைல் 385 கஜத்திலிருந்து வந்ததுதான். 42.195 என்பது அதைக் கிலோமீட்டரில் மாற்றி எழுதியது. ஆனால் பெருமைக்காக யாரும் வாட்சின் செட்டிங்கை மாற்ற வேண்டியதில்லை.

மாற்ற வைத்தது சாலையோரப் பலகை. லண்டன் மாரத்தானில் ஒவ்வொரு மைலுக்கும் ஓர் அடையாளம் உண்டு. கிலோமீட்டருக்கு என்று பார்த்தால் 5 கிலோமீட்டருக்கு ஒன்றுதான்.

வாட்சே தூரத்தைச் சொல்லும்போது பலகை எதற்கு என்று கேட்கலாம். வாட்ச் சொல்லும் தூரமும் பந்தயத் தூரமும் ஒத்துப்போகாது. பாதையை அளப்பவர்கள் வளைவுகளில் உள்ளோரத்தை ஒட்டி, போக முடிந்த மிகக் குறுகிய வழியில் அளப்பார்கள். லண்டனில் சாலையில் நீலக்கோடு போட்டிருப்பதும் அந்த வழியில்தான். போதாக்குறைக்கு, பாதை குறைந்துவிடக் கூடாது என்று ஆயிரத்துக்கு ஒரு பங்கு கூட்டி வைப்பார்கள். மாரத்தானுக்கு அது 42 மீட்டர். பல்லாயிரம் பேர் நடுவே ஓடுகிற நம்மால் அந்தக் கோட்டிலேயே போக முடியுமா? ஒதுங்கி, முந்தி, தண்ணீர் பாட்டிலுக்கு ஓரம் போய் என்று தூரம் ஏறிக்கொண்டே இருக்கும். கேனரி வார்ஃப் கட்டடங்களுக்கு நடுவில் ஜிபிஎஸ் சிக்னல் எதிரொலித்துக் குழம்பும். பிளாக்ஃபிரையர்ஸ் சுரங்கச் சாலையில் சிக்னலே இருக்காது.

வாட்ச் ஒரு சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மணி நேரத்தில் முடிக்க கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி வேண்டும். வாட்சை மட்டும் நம்பி அந்த வேகத்தை அப்படியே பிடித்து ஓடினாலும், முடிக்கும்போது 4 மணி 2 நிமிடத்தைத் தாண்டியிருக்கும். வழி முழுக்க வாட்ச் எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இதற்கு வழி, வாட்ச் தானாக லேப் போடுவதை (ஒவ்வொரு மைலின் நேரத்தையும் தன் கணக்கில் தனியாகப் பிரித்துக் குறிப்பதை) அணைத்துவிட்டு ஒவ்வொரு பலகையிலும் நாமே லேப் பட்டனை அழுத்துவது. மைலுக்கு 9 நிமிடம் 9 விநாடி என்று வைத்தால், 9 நிமிடத்துக்கு ஒரு முறை உண்மை நிலவரம் தெரிந்துவிடும். வழி நெடுக 26 தடவை சரிபார்க்கலாம். கிலோமீட்டரில் வைத்திருந்தால் அடுத்த 5 கிலோமீட்டர் பலகை வர 28 நிமிடத்துக்கு மேல் ஆகும். மொத்தமே 8 வாய்ப்பு. கடைசி 10 கிலோமீட்டரில் கால் கனக்கும்போது, 28 நிமிடம் கழித்து பின்தங்கியது தெரிந்து என்ன செய்ய? ஒவ்வொரு மைலையும் எந்த நேரத்தில் தாண்ட வேண்டும் என்ற பட்டியலை மணிக்கட்டுப் பட்டையில் எழுதிக் கட்டிக்கொண்டால் மனக்கணக்கும் தேவையில்லை. கிலோமீட்டரின் பெரிய பலம் அங்கே செல்லாமல் போகிறது.

அதற்காக எங்கே போனாலும் மைல்தான் என்று சொல்ல வரவில்லை. பெர்லினில் பலகைகள் கிலோமீட்டருக்கு ஒன்று. அங்கே ஓடப்போனால் நானும் கிலோமீட்டருக்கே திரும்பிவிடுவேன். காட்டுப்பாதை ஓட்டம், அல்ட்ரா (மாரத்தானைவிட நீண்ட ஓட்டம்) பற்றி என் அனுபவம் மிகக் குறைவு. அங்கே ஏற்ற இறக்கம்தான் நேரத்தைத் தீர்மானிக்கும் என்பதால் இந்தக் கணக்கு எவ்வளவு உதவுமோ, அதில் ஓடுகிறவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. பார்க்ரன் மட்டும் ஓடுகிறவர் என்றால் எதையும் மாற்ற வேண்டாம், கிலோமீட்டரே போதும்.

மாற்றுவதாக இருந்தால் பந்தயத்துக்கு முந்தின நாள் மாற்றாதீர்கள். 9:09 என்பது எப்படிப்பட்ட வேகம் என்று உடம்புக்குப் பழக்கமாக வேண்டும். நீண்ட ஓட்டங்கள் தொடங்கும் வாரத்திலேயே மாற்றிவிட்டால், பந்தய நாளில் 5:41-ஐ மனசு தேடாது. அப்புறம், லேப் பட்டனுக்குப் பக்கத்திலேயே ஸ்டாப் பட்டனும் இருக்கலாம். தவறி அதை அழுத்திவிடாதபடி பயிற்சியிலேயே விரலைப் பழக்கி வையுங்கள்.