எந்தக் கிளாஸை எடுப்பது? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக், கோலாலம்பூர் மேசைகளுக்கு ஒரு மதிப்புரை

பகடை உருட்டிக் கூட்டாகக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 384 பக்கம். உள்ளே பன்னிரண்டு கிளாஸ் (பாத்திர வகை), ஒவ்வொன்றுக்கும் நான்கு உட்பிரிவு, ஆக 48. புதிதாகப் புரட்டுகிறவர் படத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார். கவசம் பிடித்தால் பாலடின், நிழல் பிடித்தால் ரோக், கையில் தீ எரிந்தால் சோர்சரர். இரண்டு மூன்று வாரம் ஆடியபின் "என் ஆள் ஒன்றுக்கும் உதவமாட்டேங்கிறான்" என்ற புலம்பல் வருவது இப்படி எடுத்தவர்களிடமிருந்துதான். ஒரு கிளாஸின் கையிருப்பு எது, எவ்வளவு வேகமாகத் தீரும், எப்போது திரும்பி வரும்? இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். புத்தகத்தில் எல்லா விதியும் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கை ஒரே இடத்தில் போட்டுக் காட்டவில்லை. அதுதான் இதன் பெரிய குறை.

முதலில் ஓய்வுகள். ஷார்ட் ரெஸ்ட் கதைக்குள் 1 மணி நேரம், லாங் ரெஸ்ட் 8 மணி நேரம். விஸார்ட், கிளெரிக், சோர்சரர் போன்றவர்களின் ஸ்பெல் ஸ்லாட்டுகள் (மந்திரம் போடும் வாய்ப்புகள்) முழுதாகத் திரும்புவது லாங் ரெஸ்டில்தான். வார்லாக்கின் ஸ்லாட்டுகள், மாங்கின் ஃபோகஸ் பாயின்ட், ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜ் (தன் முறையில் இன்னொரு செயல்) எல்லாம் ஷார்ட் ரெஸ்டிலேயே திரும்பிவிடும். ரோக் கூடுதல் காயம் தரும் ஸ்னீக் அட்டாக்குக்கு எந்த ஓய்வும் தேவையில்லை.

5ஆம் நிலையில் வார்லாக்கையும் விஸார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விஸார்டிடம் முதல் நிலை ஸ்லாட் (இது ஆளின் நிலை அல்ல, மந்திரத்தின் வலிமைப் படி) 4, இரண்டாம் நிலை 3, மூன்றாம் நிலை 2, மொத்தம் 9. ஆர்கேன் ரிகவரியால் நாளுக்கு ஒருமுறை, ஒரு ஷார்ட் ரெஸ்ட் முடிவில், மூன்றாம் நிலை ஸ்லாட் ஒன்றைத் திரும்பப் பெறலாம். வார்லாக்கிடம் ஸ்லாட் இரண்டே இரண்டு, இரண்டும் மூன்றாம் நிலை. நாளில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் கிடைத்தால் 6 ஆகிறது. மேஜிக்கல் கன்னிங் என்ற ஒரு நிமிடச் சடங்கால் இன்னொன்று, ஆக 7 மூன்றாம் நிலை மந்திரம். விஸார்டுக்குக் கூடிப்போனால் 3. அதே நாளில் ஷார்ட் ரெஸ்டே இல்லாவிட்டால் வார்லாக்குக்கும் மொத்தமே 3தான். விஸார்டுக்கோ ஒன்பதும் அப்படியே இருக்கும். விஸார்ட் மாதச் சம்பளக்காரர், வார்லாக் நாள்கூலிக்காரர். வேலை நடுவில் கணக்கு தீர்க்காவிட்டால் நாள்கூலிக்காரர் வெறுங்கையோடுதான் நிற்பார்.

இங்கேதான் நம்மூர் மேசையின் நிலவரம் குறுக்கே வருகிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டிலோ, செந்தூலில் யாராவது ஒருவர் வீட்டு முன்கூடத்திலோ ஞாயிறு மதியம் கூடினால் ஆட்டத்துக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம், சில நாள் நான்கு. அதற்குள் ஒரு பெரிய சண்டை, கொஞ்சம் பேச்சுவார்த்தை. சண்டை முடிந்ததும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) "சரி, தூங்கி எழுந்துட்டீங்க" என்று லாங் ரெஸ்ட் கொடுத்து மூட்டை கட்டிவிடுவார். 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு ஒரு கதை நாளுக்கு நடுத்தரம் அல்லது கடினமான மோதல் 6 முதல் 8 வரை, நடுவில் பொதுவாக இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்று கணக்கு வைத்திருந்தது. நாளுக்கு ஒரே மோதல் என்றால் விஸார்ட் சுற்றுக்குச் சுற்று பெரிய ஸ்லாட்டாகவே கொட்டித் தீர்க்கலாம். வார்லாக்கும் மாங்கும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிளாஸில் தவறில்லை, கால அட்டவணையில்தான் தவறு.

தீர்வு எளிது. ஆட்ட நாள் முடிந்தால் கதை நாளும் முடியவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஷார்ட் ரெஸ்டோடு நிறுத்துங்கள். மீதி ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி), மீதி ஸ்லாட், செலவான ஹிட் டைஸ் (ஓய்வில் உருட்டி உயிர்ப் புள்ளி ஏற்றும் பகடைகள்) ஆகிய மூன்றையும் தாளில் பென்சிலால் குறித்து, அதை டிஎம் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். தைப்பூசம், தீபாவளி என்று நடுவில் ஒரு மாதம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆட்டக்காரர்களும் வாய் திறந்து கேட்கவேண்டும்: "அண்ணே, கதவைச் சாத்திட்டு ஒரு மணி நேரம் உட்காரலாமா?" டிஎம் அதைச் சோம்பேறித்தனமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வார்லாக் ஆடுகிற தங்கைக்கு அதுதான் சம்பளம்.

இந்தப் பதிப்பில் மிக நன்றாகத் தேறியிருப்பவர் ஃபைட்டர். பழைய பதிப்பில் "அடிக்கிறேன், மறுபடி அடிக்கிறேன்" என்பதைத் தாண்டி அவருக்குப் பெரிதாக வேலையில்லை. இப்போது செகண்ட் விண்ட் முதல் நிலையிலேயே இரண்டு முறை. 1டி10 (பத்துமுகப் பகடை ஒன்று) உருட்டி, அதோடு ஃபைட்டர் நிலையைக் கூட்டி ஹிட் பாயின்ட் ஏற்றலாம். ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டுக்கும் ஒன்று திரும்பும். இரண்டாம் நிலையில் வரும் டாக்டிக்கல் மைண்ட் அதைவிட நல்லது. பூட்டு உடைப்பதோ காவலாளியை மிரட்டுவதோ தோற்றுப்போனால், ஒரு செகண்ட் விண்டைச் செலவழித்து 1டி10 சேர்க்கலாம். அப்படியும் தோற்றால் அது செலவாகாது. சண்டைக்கு வெளியே ஃபைட்டர் சும்மா நின்ற காலம் இதோடு போயிற்று. 5ஆம் நிலையில் வலு +4 உள்ளவர் கிரேட்ஸ்வோர்டால் இரண்டு முறை அடித்தால், இரண்டும் பட்டால் சராசரி 22. ஆக்‌ஷன் சர்ஜ் சேர்ந்தால் 44. பக்கத்தில் விஸார்டின் ஃபயர்பால் 8டி6, சராசரி 28, தப்பினால் பாதி. ஆனால் 20 அடி ஆரத்துக்குள் நிற்கும் எல்லோருக்கும், நம்மாளுக்கும் சேர்த்து. ஒற்றை எதிரிக்கு ஃபைட்டர், கும்பலுக்கு விஸார்ட் என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடும்.

ஆயுத மாஸ்டரியும், அதாவது ஒவ்வொரு ஆயுதத்துக்கும் உள்ள தனி வித்தையும் புதிது. கிரேட்ஸ்வோர்ட் தவறினாலும் வலு மாடிஃபையர் (மேலே சொன்ன +4 போன்ற எண்) அளவு காயம் உண்டு, வார்ஹாமர் 10 அடி தள்ளும், பேட்டில்ஆக்ஸ் கீழே சாய்க்கும். ஃபைட்டர் மூன்று ஆயுதத்தில் தொடங்குகிறார். பார்பேரியன், பாலடின், ரேஞ்சர், ரோக் இரண்டில். ஒரு எச்சரிக்கை: சாய்க்கிற ஆயுதம் படும் ஒவ்வொரு முறையும் எதிரி கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) சேவ், அதாவது தாக்கத்திலிருந்து தப்பும் பகடை, உருட்டவேண்டும். இரண்டு பேர் அதே ஆயுதத்தோடு உட்கார்ந்தால் மூன்று மணி நேர ஆட்டத்தில் சண்டை இழுத்துக்கொண்டே போகும். அப்படியானால் ஒருவர் வேறு ஆயுதத்துக்கு மாறுவது நல்லது.

உடம்பு விஷயத்தில், அதாவது ஹிட் பாயின்ட் கணக்கிடும் பகடையில், பார்பேரியனுக்கு டி12. ஃபைட்டர், பாலடின், ரேஞ்சருக்கு டி10. சோர்சரர், விஸார்டுக்கு டி6. மற்ற எல்லோருக்கும் டி8. கான்ஸ்டிடியூஷன் +2 வைத்து நிலையான சராசரியில் கணக்கிட்டால் 5ஆம் நிலையில் பார்பேரியனுக்கு 50, ஃபைட்டருக்கு 44, விஸார்டுக்கு 32. வேறுபாடு சின்னதாகத் தோன்றும். ரேஜில் (வெறி நிலையில்) இருக்கும் பார்பேரியனுக்கு வெட்டு, குத்து, மொத்தல் எல்லாம் பாதிதான் என்பதால் அந்த 50 கிட்டத்தட்ட 100க்குச் சமம். முதல் நிலை விஸார்டின் ஏசி (தாக்குதல் பட எதிரி எட்டவேண்டிய எண்) டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) +2 உடன் 12. மேஜ் ஆர்மர் போட்டால் 15, எட்டு மணி நேரம் நிற்கும், ஆனால் இருக்கிற இரண்டு ஸ்லாட்டில் ஒன்று போய்விடும். புதியவர்கள் அதைப் போடாமல் முன்வரிசையில் நின்று முதல் சண்டையிலேயே விழுவார்கள்.

ரோக் ஆடுகிறவர் நினைவில் வைக்கவேண்டியது ஸ்னீக் அட்டாக்கின் நிபந்தனை. ஃபினெஸ் (டெக்ஸ்டெரிட்டியால் வீசக்கூடிய) அல்லது தூர ஆயுதம் வேண்டும்; அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) இருக்கவேண்டும், அல்லது நம்மாள் ஒருவர் எதிரிக்கு 5 அடிக்குள் செயல்படும் நிலையில் நிற்கவேண்டும், டிஸ்அட்வான்டேஜ் (சிறியதை எடுப்பது) இருக்கக்கூடாது. ஒளிந்துகொண்டால்தான் கிடைக்கும் என்று நினைத்துப் பாதிச் சுற்றுகளை வீணாக்குகிறவர்கள் நிறைய. ஃபைட்டர் பக்கத்தில் நின்றாலே போதும். டர்னுக்கு (ஒருவரின் முறைக்கு) ஒருமுறை என்பதுதான் விதி, எல்லோர் டர்னும் சேர்ந்த சுற்றுக்கு ஒருமுறை அல்ல. தப்பி ஓடும் எதிரியை அவன் டர்னிலேயே ரியாக்‌ஷனில் குத்தினால் அங்கேயும் சேரும். 5ஆம் நிலையில் ஷார்ட்போவோடு மொத்தம் 4டி6 +4, சராசரி 18. ஃபைட்டரைவிடக் குறைவு, ஆனால் நாள் முழுக்கத் தீராது. அதனால்தான் நீண்ட நாள் ஓட்டும் டிஎம் மேசையில் ரோக் தலை நிமிர்ந்து நிற்கும்.

கிளெரிக்கை "மருந்து கொடுக்கிறவர்" என்று ஒதுக்கிவிடும் பழக்கம் இங்கே பல மேசைகளில் இருக்கிறது. கடைசியாக வந்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். இது அநியாயம். 2024இல் கியூர் வூண்ட்ஸ் 2டி8 ஆகவும் ஹீலிங் வேர்ட் 2டி4 ஆகவும் இரட்டிப்பாகியிருக்கிறது. ஹீலிங் வேர்ட் டர்னுக்கு ஒன்றே கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன், 60 அடி தூரத்திலிருந்து விழுந்தவரை எழுப்பும். ஆகவே விழும் வரை காத்திருந்து எழுப்புவதே சிக்கனம். மிச்ச நேரத்தில் பிளெஸ் போடுங்கள்: மூன்று பேருக்குத் தாக்குதலிலும் சேவிலும் 1டி4. ஆனால் பிளெஸ் கான்சன்ட்ரேஷன் மந்திரம், ஒரே நேரத்தில் ஒன்றுதான் பிடிக்கமுடியும். ஸ்பிரிச்சுவல் வெப்பனும் இந்தப் பதிப்பில் கான்சன்ட்ரேஷனுக்குள் வந்துவிட்டது. பழைய பதிப்பு ஆடியவர்கள் தவறு செய்வது இங்கேதான்.

பாலடினுக்கு லே ஆன் ஹேண்ட்ஸால் (கை வைத்துக் குணமாக்குவது) கொடுக்கக்கூடிய ஹிட் பாயின்ட் நிலை மடங்கு 5. இப்போது போனஸ் ஆக்‌ஷன். அடியோடு கூடுதல் காயம் சேர்க்கும் டிவைன் ஸ்மைட்டும் போனஸ் ஆக்‌ஷன் எடுக்கும் மந்திரமாகிவிட்டதால் ஒரே டர்னில் இரண்டையும் செய்யமுடியாது. ஒரே டர்னில் இரண்டு ஸ்மைட்டும் கிடையாது. பழைய ஆட்டக்காரர்கள் இதற்குக் கோபப்பட்டார்கள். மேசைக்கு இது நல்லதே. ஒரு ஆள் ஒரே சுற்றில் பெரிய எதிரியை முடித்துவிட்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்க வைப்பது குறைந்திருக்கிறது. 6ஆம் நிலையில் 10 அடிக்குள் நிற்கும் நம்மாட்கள் எல்லோருடைய சேவிலும் பாலடினின் கரிஸ்மா (ஆளுமை) சேரும். அது ஒன்றே அவரைக் கூட்டிப்போகப் போதும்.

ரேஞ்சர்தான் மனம் நிறையாத கிளாஸ். குறிவைத்த எதிரிக்குக் கூடுதல் காயம் தரும் ஹன்டர்ஸ் மார்க் மந்திரம் ஸ்லாட் இல்லாமல் முதலில் இரண்டு முறை கிடைக்கிறது, நல்லது. ஆனால் அது கான்சன்ட்ரேஷன். ரேஞ்சரின் மற்ற நல்ல மந்திரங்களில் பலவும் அப்படியே. ஒன்றை எடுத்தால் இன்னொன்றை விடவேண்டும் என்ற இழுபறி கடைசிவரை தீரவில்லை. ட்ரூயிட் மிருகமானால் இப்போது தன் சொந்த ஹிட் பாயின்ட்டோடுதான், கூடவே ட்ரூயிட் நிலை அளவு தற்காலிகப் புள்ளி; 2014இல் மிருகத்தின் ஹிட் பாயின்ட்டே கிடைத்தது என்பதால் இது இறக்கம்தான். மாங்குக்கு நல்ல ஏற்றம். பார்ட் பேச்சு அதிகம் உள்ள மேசைக்குப் பொருத்தம். இன்ஸ்பிரேஷன் (கூட்டாளிக்குக் கொடுக்கும் கூடுதல் பகடை) டி6, கரிஸ்மா மாடிஃபையர் அளவு முறை, 5ஆம் நிலையில் டி8 ஆகி ஷார்ட் ரெஸ்டிலும் திரும்பும்.

கிளாஸ்களின் சிக்கல் அளவைக் காட்டும் அட்டவணை ஒன்று புத்தகத்தில் இருக்கிறது. ஃபைட்டரும் ரோக்கும் எளிது என்பது சரி. விஸார்டை நடுத்தரம் என்று போட்டிருப்பதை ஏற்கமுடியாது. ஸ்பெல்புக்கில் ஆறு மந்திரத்தோடு தொடங்கி, நிலைக்கு இரண்டு சேர்த்து, ஒவ்வொரு லாங் ரெஸ்டுக்குப் பின்னும் எதைத் தயார் செய்வது என்று தீர்மானிப்பவருக்கு அது நடுத்தரம் இல்லை. முதல்முறை ஆடுகிறவருக்கு விஸார்டைக் கொடுத்தால் ஒவ்வொரு டர்னிலும் மேசை காத்திருக்கும். மந்திரங்களின் பட்டியல் அந்தந்தக் கிளாஸின் பகுதியிலேயே இருப்பது வசதி. விளக்கமோ பின்னால் அகர வரிசையில், எல்லாக் கிளாஸும் கலந்து. தயார் செய்த மந்திரங்களைச் சின்ன அட்டைகளில் எழுதிக்கொள்ளாமல் ஆட உட்காராதீர்கள். ஏழு பகடைத் தொகுப்பில் ஆறுமுகப் பகடை ஒன்றுதான் இருக்கும். ஃபயர்பாலுக்கு எட்டு வேண்டும். எழுதுபொருள் கடையில் கிடைக்கும் சாதாரணப் பகடை போதும்.

2024இல் வெளியானபோது அமெரிக்க விலை 49.99 டாலர்; இங்கே இறக்குமதி விலை கடைக்குக் கடை மாறும். மேசைக்கு ஒரு பிரதி போதுமானது. அதற்கும் முன்னால் 2025 ஏப்ரலில் வெளியான எஸ்ஆர்டி 5.2 என்ற அடிப்படை விதிகளின் ஆவணத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கிளாஸும் இருக்கிறது, உட்பிரிவு மட்டும் கிளாஸுக்கு ஒன்று: ஃபைட்டருக்கு சாம்பியன், ரோக்குக்கு தீஃப், விஸார்டுக்கு எவோக்கர் என்று. முதல் சில மாதத்துக்கு இதற்குமேல் தேவைப்படாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்திருப்பதால், அதில் சொல்லியுள்ள நன்றிக் குறிப்பைச் சேர்த்துவிட்டு, கிளாஸ் விதிகளைத் தமிழில் எழுதிப் பகிரவும் தடையில்லை. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைகள் உள்ள மேசைக்கு ஃபைட்டர், ரோக், கிளெரிக் மூன்றுக்கும் ஒவ்வொரு பக்கத் தமிழ்த் தாள் போட்டு ஆரம்பிக்கலாம்.