பெர்சி ஜாக்சன் உலகம்: எந்த வரிசையில் படிப்பது?

2005இல் 'த லைட்னிங் தீஃப்' நாவலில் தொடங்கிய ரிக் ரியோர்டனின் தொன்மப் புனைவுலகம், 2020இல் 'த டவர் ஆஃப் நீரோ' வெளிவந்தபோது ஐந்து தொடர்களாகவும் 21 நாவல்களாகவும் பெருகியிருந்தது. கிரேக்கக் கடவுளரை மையமாகக் கொண்ட பெர்சி ஜாக்சன் தொடர், ரோமானியரையும் சேர்த்துக்கொண்ட 'ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்', எகிப்தியத் தொன்மத்தில் எழுந்த 'கேன் கிரானிக்கிள்ஸ்', வடதேசத்து நார்ஸ் கடவுளர் உலவும் மேக்னஸ் சேஸ் தொடர், மனிதப் பையனாகத் தள்ளப்பட்ட அப்பல்லோவே கதை சொல்லும் 'டிரையல்ஸ் ஆஃப் அப்பல்லோ' ஆகியவையே அந்த ஐந்தும். இவற்றைப் படிக்க வெளியீட்டு வரிசை, தொன்ம வாரியான வரிசை, கதைக்கால வரிசை என மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. கதையின் முக்கிய முடிச்சுகள் எதையும் அவிழ்த்துவிடாமல் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில், விவாதத்துக்கு இடமில்லாத பகுதியை ஒதுக்கிவிட வேண்டும். பெர்சி ஜாக்சனின் ஐந்து பாகங்கள், அடுத்து ஒலிம்பஸ் வீரர்களின் ஐந்து, அதன்பின் அப்பல்லோவின் ஐந்து என்ற இந்தப் பதினைந்து நாவல்களின் முன்பின் வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றக் கூடாது. இரண்டாம் தொடரின் முதல் பாகமான 'த லாஸ்ட் ஹீரோ' பள்ளிப் பேருந்தில் நினைவிழந்து கண்விழிக்கும் வேறொரு சிறுவனுடன் தொடங்குகிறது. பெர்சியைக் காணவில்லை என்ற செய்தி அதில் வரும்போது, முந்தைய ஐந்து பாகங்களைப் படித்தவருக்கே அது தலையில் விழும் இடியாக இருக்கும். முன்கதை தெரியாதவருக்கு அது யாரோ ஒருவனின் பெயர் மட்டுமே. போதாக்குறைக்கு முதல் தொடரின் உச்சமான டைட்டன் போரின் முடிவும் அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது. அப்பல்லோ வானிலிருந்து தள்ளப்படுவதும் இரண்டாம் தொடரில் நடந்தவற்றுக்கான தண்டனையே. ஆகவே உண்மையான கேள்வி, எகிப்தியத் தொடரையும் நார்ஸ் தொடரையும் இந்தப் பதினைந்துக்கு இடையில் எங்கே செருகுவது என்பது மட்டும்தான்.

வெளியீட்டு வரிசையே சிறந்தது என்போர், எழுத்தாளர் எந்த வரிசையில் எழுதினாரோ அதே வரிசையில்தான் தகவல்களையும் வெளிப்படுத்துகிறார் என்கிறார்கள். கொள்கையளவில் இது சரியே. ஆனால் 2010க்கும் 2012க்கும் இடையில் ரியோர்டன் ஆண்டுக்கு இரண்டு நாவல்களை வெளியிட்டார். மே மாதத்தில் எகிப்தியக் கதை வரும், அக்டோபரில் கிரேக்க-ரோமானியக் கதை வரும். இதை அப்படியே பின்பற்றினால் 'த ரெட் பிரமிட்', 'த லாஸ்ட் ஹீரோ', 'த த்ரோன் ஆஃப் ஃபயர்', 'த சன் ஆஃப் நெப்டியூன்' என்று ஒன்றுவிட்டு ஒன்று தாவ வேண்டியிருக்கும். அன்று ஓராண்டு காத்திருந்த வாசகருக்கு இடையில் வந்த வேறொரு கதை ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாப் பாகங்களையும் அலமாரியில் வைத்திருக்கும் இன்றைய வாசகருக்கு அது வெறும் இடையூறு. 'த சன் ஆஃப் நெப்டியூன்' எந்த இடத்தில் முடிகிறது என்பதை அறிந்த எவரும், அடுத்த பாகத்தைக் கையில் எடுக்காமல் வேறு தொடருக்குப் போகச் சொல்ல மாட்டார்கள்.

தொன்ம வாரியான வரிசை இதற்கு நேர் எதிரானது. கிரேக்க-ரோமானிய நாவல்கள் பதினைந்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு எகிப்துக்கும் பிறகு நார்ஸ் உலகத்துக்கும் செல்வதே அதன் வழி. பாத்திரங்களின் தொடர்ச்சி அறுபடாது என்பது இதன் பெரும் பலம், குறிப்பாக ஹேடிஸ், ஹெக்காட்டி போன்ற பெயர்களை முதன்முறையாகச் சந்திக்கும் வாசகருக்கு. பலவீனம் சலிப்பில் இருக்கிறது. தீர்க்கவாக்கு, தேடற்பயணம், கடவுளரின் பிள்ளைகள் பயிலும் முகாமுக்குத் திரும்புதல் என்ற ஒரே அச்சில் வார்க்கப்பட்ட பதினைந்து நாவல்களை இடைவெளியின்றிப் படித்தால், எட்டாவது ஒன்பதாவது பாகத்தில் நகைச்சுவைகூட பழகிப்போய்விடும். கேன் தொடர் இங்கேதான் கைகொடுக்கிறது. கார்ட்டர், சேடி என்ற அண்ணனும் தங்கையும் மாறி மாறி ஒலிப்பதிவு செய்ததை எழுத்தாக்கியதுபோல் அமைந்த நடை அது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதும், லண்டனில் வளர்ந்த சேடி தந்தையுடன் உலகம் சுற்றி வளர்ந்த அண்ணனைக் கிண்டலடிப்பதும் பெர்சியின் தனிக்குரலிலிருந்து முற்றிலும் வேறுபட்டவை. பெர்சி தொடரின் கடைசிப் பாகமான 'த லாஸ்ட் ஒலிம்பியன்' ஒரு புதிய தீர்க்கவாக்குடன் முடிகிறது. அதற்கும் அடுத்த தொடருக்கும் இடையில் கதையிலேயே சில மாதங்கள் கடக்கின்றன. அந்த இடைவெளியில் கேன் தொடரின் மூன்று பாகங்களையும் சேர்த்துப் படிப்பதுதான் என் பரிந்துரை. புரூக்ளின் மாளிகையில் வசிக்கும் ஏமஸ், மன்ஹாட்டனில் வேறு கடவுளர் இருக்கிறார்கள் என்று போகிற போக்கில் சொல்லும் இடத்தில், ஒலிம்பஸ் அமைந்திருக்கும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600ஆம் தளத்தை ஏற்கெனவே அறிந்த வாசகர் மட்டுமே சிரிக்க முடியும்.

மேக்னஸ் சேஸ் தொடரின் இடம் இதைவிட நுட்பமானது. பாஸ்டன் தெருக்களில் வாழும் மேக்னஸ், பெர்சி தொடரின் அன்னபெத்துக்கு உறவுமுறையில் சகோதரன். அப்பல்லோ தொடரின் முதல் பாகமான 'த ஹிட்டன் ஆரக்கிள்' நாவலில் அன்னபெத் ஊரில் இல்லை, குடும்ப வேலையாகப் பாஸ்டன் போயிருக்கிறாள் என்று ஒரே வரியில் சொல்லப்படுகிறது. மேக்னஸின் முதல் பாகமான 'த ஸ்வோர்ட் ஆஃப் சம்மர்' படித்தவருக்கு அந்த வரியின் கனம் தெரியும். மூன்றாம் பாகமான 'த ஷிப் ஆஃப் த டெட்', பாஸ்டன் துறைமுகத்தில் நிற்கும் பழைய போர்க்கப்பலின் பாய்மரத்தின் மேல் மேக்னஸை நிறுத்திவைத்து, அங்கிருந்து கடலில் குதிக்கப் பெர்சி பயிற்சியளிக்கும் காட்சியுடன் தொடங்குகிறது. அதே நாவலின் கடைசியில், அன்னபெத்துக்கு ஏதோ துயரச் செய்தி வந்திருப்பது தொலைபேசிப் பேச்சில் தெரிகிறது, விவரம் சொல்லப்படுவதில்லை. அதற்கான விடை அடுத்த ஆண்டு வந்த, அப்பல்லோ தொடரின் 'த பர்னிங் மேஸ்' நாவலில் இருக்கிறது. மேக்னஸை முதலில் முடித்தவர் ஓர் இனம்புரியாத அச்சத்துடன் அப்பல்லோவின் பயணத்தைத் தொடர்வார்; அப்பல்லோவை முதலில் முடித்தவருக்கோ அந்தத் தொலைபேசிப் பேச்சே போதும், மனம் கனத்துவிடும். இரண்டும் நல்ல அனுபவங்களே. ஆயினும் அதிர்ச்சியைவிட அச்சத்துக்கே வலு அதிகம் என்பதால், மேக்னஸின் மூன்று பாகங்களையும் இரண்டாம் தொடரின் கடைசிப் பாகமான 'த பிளட் ஆஃப் ஒலிம்பஸ்' முடிந்த கையோடு படித்துவிடுவதே என் தேர்வு.

கதைக்கால வரிசையின் சிக்கல் 2023க்குப் பிறகே பெரிதானது. அவ்வாண்டு வந்த 'த சாலிஸ் ஆஃப் த காட்ஸ்', 2024இல் வந்த 'ராத் ஆஃப் த டிரிபிள் காடஸ்' ஆகிய இரண்டும் பெர்சியின் பள்ளி இறுதியாண்டில் நடப்பவை. காலக்கணக்குப்படி ஒலிம்பஸ் வீரர்களுக்கும் அப்பல்லோவுக்கும் நடுவில் வர வேண்டியவை. ஆனால் கல்லூரியில் சேரக் கடவுளரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்க அலையும் இந்தக் கதைகளில் உலகம் அழிந்துவிடும் என்ற பதற்றம் கிடையாது. பழைய நண்பர்களை மறுபடி சந்திக்கும் மகிழ்ச்சிக்காகவே இவை எழுதப்பட்டிருக்கின்றன. பிரிந்தே இராத நண்பரை மறுபடி சந்திப்பதில் என்ன மகிழ்ச்சி இருக்க முடியும்? பதினைந்தையும் முடித்து, சற்று இடைவெளி விட்டு இவற்றை எடுப்பதே பொருத்தம். கதைக்கால வரிசை, இரண்டாம் முறை படிப்பவர்களுக்கானது. பெர்சியின் முகாம் நண்பர்களான நீக்கோ, வில் இருவரும் பாதாளத்துக்குச் செல்லும் 'த சன் அண்ட் த ஸ்டார்' நாவலுக்கு இந்தக் குழப்பமே இல்லை. எந்த வரிசையிலும் அது அப்பல்லோ தொடருக்குப் பின்னர்தான்.

கிரேக்க நாயகர்களும் எகிப்திய மந்திரவாதிகளும் நேருக்கு நேர் சந்திக்கும் மூன்று சிறுகதைகள் 'டெமிகாட்ஸ் அண்ட் மெஜிஷியன்ஸ்' என்ற பெயரில் தொகுக்கப்பட்டுள்ளன. அவற்றில் வரும் செட்னே என்ற வில்லனைக் கேன் தொடரின் மூன்றாம் பாகத்திலேயே அறிந்திருக்க வேண்டும் என்பதால், ஒலிம்பஸ் வீரர்களை முடித்த பிறகு, மேக்னஸைத் தொடங்கும் முன் இத்தொகுப்பைப் படிக்கலாம். ஒரு மாலையில் முடிந்துவிடும்.

பாண்டவர்களின் மறுபிறவியான சிறுமிகளைப் பற்றி ரோஷனி சோக்ஷி எழுதிய ஆரு ஷா தொடரும் இந்த வரிசையில் சேருமா என்று மகாபாரதம் அறிந்த நம் வாசகர்கள் கேட்பதுண்டு. ரியோர்டன் பெயரிலான பதிப்பு முத்திரையில் 2018 முதல் வெளிவந்தது என்பதைத் தவிர அதற்கும் பெர்சியின் உலகத்துக்கும் கதைத் தொடர்பு இல்லை. அதை எப்போது வேண்டுமானாலும் தனியாகப் படிக்கலாம்.