முன்பின் திருப்பிப் பூட்டிய கார் வாங்கப் போகிறீர்களா? 8,500 டாலர் போனவன் சொல்கிறேன்

இப்போதுதான் எனக்குக் காரை விற்ற ஆளிடமிருந்து கடைசி மெசேஜ் வந்தது. "ஆஸ் இஸ் பேப்பரில் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?" (இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்கிற பேப்பர்.) அவ்வளவுதான், என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். 8,500 டாலர். கலிபோர்னியாவில் இருக்கிற நம்ம பழைய கார் பைத்தியங்கள் தயவுசெய்து படியுங்கள்.

தெரியாதவர்களுக்கு: பாடியை சேஸிஸிலிருந்து (அடியில் ஃபிரேம், என்ஜின், சக்கரம் எல்லாம் இருக்கிற பகுதி) கழற்றி, அப்படியே திருப்பி, டிக்கி முன்னால் வருகிற மாதிரி மறுபடி பூட்டுவார்கள். ரோட்டில் போனால் வண்டி ரிவர்ஸில் பறக்கிற மாதிரி இருக்கும். 1974-ல் பிப்பா கார்னர் என்ற கலைஞர் 1959 ஷெவர்லே ஒன்றை இப்படி மாற்றி கோல்டன் கேட் பாலத்தில் ஓட்டிக் காட்டினார். பின்பக்கத்து இறக்கை முன்னால் வர அந்தக் கார் பாலத்தில் போகிற போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஒன்று வேண்டும்.

மொடெஸ்டோ பக்கம் ஒரு கஸ்டம் ஒர்க்‌ஷாப்பில் கிடைத்தது. பெயர் சொல்லப் போவதில்லை, கேஸ் போடப் போகிறேன். நாலு கதவு 1962 ஷெவர்லே பெல் ஏர், பச்சை. "பாடியும் சேஸிஸும் ஒரே வண்டிதான், திருப்பி மட்டும் வைத்தேன்" என்றான். வண்டியின் அடையாள நம்பர் (VIN) பார்க்கணும் என்றேன். முகம் சுளிக்கவே இல்லை. கதவுத் தூணில் இருந்த நம்பர் தகட்டுக்கு அவனே டார்ச் அடித்து, பிங்க் ஸ்லிப்பை (வண்டியின் உரிமைப் பத்திரம்) கையில் கொடுத்து, "ஒவ்வொரு எழுத்தா சரிபாருங்க, அவசரமே இல்லை" என்றான். எல்லாம் பொருந்தியது. அந்த நிதானத்தைப் பார்த்துத்தான் அங்கேயே பேங்க் செக்கை நீட்டினேன். டார்ச் ஒரு தடவைகூட வண்டிக்கு அடியில் போகவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் ஆல்டமாண்ட் ஏற்றத்தில் வண்டி கொதித்துவிட்டது. கிரில் இப்போது பின்னால் இருக்கிறது, ரேடியேட்டரோ டிக்கி மூடிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது, காற்று எப்படிப் போகும்? கொஞ்ச தூரம் போனதும் என் பக்கத்துக் கதவு படாரென்று திறந்துகொண்டது. பாடியைத் திருப்பினால் கீலும் கதவின் பின்பக்கத்துக்குப் போய்விடும், கொக்கி லூசாக இருந்தால் எதிர்காற்றே பிடுங்கித் திறந்துவிடும். ஃப்ரீவேயில், லாரிக்குப் பக்கத்தில்!

போன் செய்தால், "மலையில் எல்லாப் பழைய வண்டியும் சூடாகும் சார்." சரி என்று எங்கள் ஏரியா மெக்கானிக்கிடம் விட்டேன். லிஃப்டில் ஏற்றியதும் அவர் சிரித்துவிட்டார். அந்தக் காலத்துப் பெரிய ஷெவர்லேக்களுக்கு, 1958 முதல் 1964 வரை, அடியில் எக்ஸ் வடிவ ஃபிரேம். இதில் இருப்பது ஏணி மாதிரி ஃபிரேம், தொண்ணூறுகளின் எஸ்-10 பிக்கப்புடையது என்றார். ஸ்டியரிங் ராடை நடுவில் குழாய் வைத்து வெல்டிங் அடித்து நீட்டியிருக்கிறான். ஃபிரேமில் நம்பர் இருக்கவேண்டிய இடத்தை கிரைண்டர் போட்டு வழித்திருக்கிறது.

டிஎம்வியில் (வாகனப் பதிவு ஆபீஸ்) பெயர் மாற்ற முடியாது என்றார்கள், முதலில் நெடுஞ்சாலை போலீஸிடம் நம்பர் சோதனை. நம்பர் அழித்த வண்டி என்றால் அவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளலாம். இதை அவனிடம் சொன்னால், "அந்த கவுன்டரில் இருக்கிறவளுக்கு ஒன்றும் தெரியாது, வேற ஆபீஸ் போங்க." அடுத்த தடவை எடுத்த பெண், "அவர் கார் ஷோவுக்குப் போயிருக்கார்." அதற்கடுத்து, இது ஓட்டுகிற வண்டி இல்லையாம், கலைப்படைப்பாம்! 8,500 டாலர் வாங்கும்போது "டெய்லி ஓட்டலாம்" என்றவன் அதே ஆள்தான்.

வாங்கும்போது என்னென்ன பார்க்கணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கதவுத் தகடு போதாது, ஃபிரேம் நம்பரைக் கேளுங்கள். அடியில் படுத்துப் பாருங்கள், எக்ஸா ஏணியா என்று. "1976-க்கு முந்தினது, ஸ்மாக் டெஸ்ட் (புகைச் சோதனை) வேண்டாம்" என்பான், என்ஜின் எந்த வருஷம் என்று கேளுங்கள். பழைய ஹெட்லைட்டெல்லாம் இப்போது பின்னால், அங்கே சிவப்புதான் எரியணும், வெள்ளை எரிந்தால் டிக்கெட். டிஎம்வி வாசலில் வைத்துத்தான் பணம்.

ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் (சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்) தனி ஆள் 12,500 டாலர் வரை கேட்கலாம், என் 8,500 அதற்குள் அடங்கும், அடுத்த வாரம் மனு போடுகிறேன். அதே ஒர்க்‌ஷாப்பில் முன்பின் திருப்பிய சிவப்பு பிக்கப் ஒன்றும் நின்றது, யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள் என்றான். அது நம்ம ஆட்கள் யாராவது என்றால், மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள். எனக்கு மெசேஜ் போடுங்கள், மெக்கானிக் எடுத்த போட்டோவெல்லாம் அனுப்புகிறேன்.