டர்பனில் வாடகைக்கு எடுத்த சைக்கிள் பெட்டி: ஆஸ்திரேலியா போய்த் திரும்பியபின் எழுதுகிறேன்

கடலில் நீந்திக் கரையேறி, ஈரத்தோடு சைக்கிளை எடுத்து ஓட்டி முடித்தால் பந்தயம் முடிந்தது. அக்வாபைக் என்பார்கள். டிரையத்லானில் மூன்றாவதாக வரும் ஓட்டம் இதில் கிடையாது. முழங்கால் தேய்ந்துபோய் இனி ஓட வேண்டாம் என்று டாக்டர் சொன்ன பிறகு எனக்குக் கிடைத்த விளையாட்டு இது, 48 வயதில் இப்படி ஒன்று அமைந்ததில் இன்றைக்கும் மனசு நிறைய சந்தோஷம். 2017-ல் கனடாவின் பென்டிக்டன் ஊரில் இதற்கென்றே முதல் உலகப் போட்டி நடந்தது. இப்போது பல ஊர்களில் டிரையத்லான் நடத்துகிறவர்கள் அக்வாபைக்கையும் சேர்த்தே நடத்துகிறார்கள், பணம் கட்டிப் பெயர் கொடுத்தால் என்னைப் போன்ற சாதாரண ஆட்களும் வரிசையில் நிற்கலாம்.

போன ஆகஸ்டில் அப்படி ஒன்றுக்காக ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கடலோரத்துக்குப் போனேன். 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள். பந்தயக் கதையைக் கொஞ்சமாகத்தான் சொல்வேன். எழுத வந்தது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எனக்கு சைக்கிள் பெட்டியை வாடகைக்குக் கொடுத்து, அதில் சைக்கிளை அடுக்கவும் கற்றுக்கொடுத்த கடையைப் பற்றி. குறையும் எழுதப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை, வேண்டுமென்றால் நம் சனிக்கிழமை நீச்சல் குழுவில் என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன்.

முதலில் பெட்டி. கெட்டி பிளாஸ்டிக், கீழே நான்கு சக்கரம், உள்ளே மூன்று அடுக்கு ஃபோம், மேலே ஏதாவது கனமாக விழுந்தால் நசுங்காமல் இருக்க நடுவில் ஒரு அலுமினியக் கம்பி. புதிதாக வாங்கினால் பத்தாயிரம் ராண்டுக்கு மேல் ஆகும், வருடத்துக்கு ஒரு தடவை போகிறவனுக்கு அது கட்டாது, வீட்டில் வைக்கவும் இடம் கிடையாது. வாடகை வாரத்துக்கு 650 ராண்ட், முன்பணம் 3,000. நான் இரண்டு வாரம் எடுத்தேன்.

எடை விஷயத்தைத்தான் யாரும் முன்னாடியே சொல்வதில்லை. பெட்டி மட்டும் 12.5 கிலோ. என் சைக்கிள் 8.6. இரண்டும் சேர்ந்து 21.1 ஆகிவிட்டது. என் டிக்கெட்டில் ஒரு உருப்படிக்கு 23 கிலோதான், ஆக மிச்சம் இரண்டு கிலோவுக்கும் குறைவு. வெட்சூட்டை, அதாவது நீச்சலுக்குப் போடும் ரப்பர் உடையை, வைத்ததும் அதுவும் தீர்ந்தது. ஹெல்மெட், ஷூ, கை பம்ப் எல்லாம் இன்னொரு பைக்குப் போயின. துணிப்பை ஒன்றில் எடை குறைவாக இருக்கும், உண்மைதான், ஆனால் கார்பன் ஃபிரேமை மூன்று விமானத்தில் ஏற்றி இறக்கும்போது எனக்குக் கெட்டிப் பெட்டிதான் நிம்மதி.

சரி, கடைக்கு வருகிறேன். அங்கே மெக்கானிக் அண்ணா ஒருவர் இருக்கிறார். அவர் தாத்தாவுக்குத் தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்காக மதராசிலிருந்து கப்பலில் வந்தவராம். அண்ணாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். உறவுமுறைச் சொற்கள், சாப்பாட்டுப் பெயர்கள், ஒன்று முதல் நூறு வரை எண்கள், அப்புறம் அவருடைய ஆயா சொல்லிக்கொடுத்த முருகன் பாட்டு ஒன்று. மற்றதெல்லாம் ஆங்கிலம். நான் போன அன்றைக்கு சைக்கிளை அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுக்கி வைத்துவிடுங்கள், நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "தம்பி, அங்கே போனால் யார் பூட்டுவார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்த சனிக்கிழமை மத்தியானம் முழுக்க என்னையே கழற்ற வைத்து, என்னையே பூட்ட வைத்து, மறுபடியும் கழற்ற வைத்தார். இதற்குத் தனியாக 400 ராண்ட் வாங்கினார்கள். இந்தக் கடையில் நான் கொடுத்த பணத்திலேயே மிகவும் பயன்பட்டது அந்த 400 ராண்ட்தான்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் சிலவற்றை இங்கே எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். இடது பெடலின் திருகு மரை தலைகீழ். வலதைக் கழற்றுகிற பக்கமே இடதையும் திருகினால் இன்னும் இறுகும், அதனால் எந்தப் பெடலாக இருந்தாலும் மேலே நிற்கும் ஸ்பேனரைப் பின் சக்கரத்தின் பக்கமாகத் தள்ள வேண்டும் என்று மட்டும் நினைவில் வைத்தால் போதும். பின் டெரெய்லரை (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கியர் பாகம்) ஒரே ஒரு அலன் போல்ட்டில் கழற்றித் துணியில் சுற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிட வேண்டும், பெட்டி கீழே விழுந்தால் முதலில் வளைவது அதுவும் அது மாட்டியிருக்கும் கொக்கியும்தான். சீட் போஸ்ட்டை உருவுவதற்கு முன் அது எவ்வளவு வெளியே நிற்கிறது என்று இன்சுலேஷன் டேப்பில் ஒரு கோடு. டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க்கைப் பிடிக்கும் இரண்டு பேட்களுக்கு நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டைச் சொருக வேண்டும், இல்லாவிட்டால் பயணத்தில் பிரேக் கை அழுந்தி இரண்டு பேடும் ஒட்டிக்கொள்ளும், அங்கே போய்ச் சக்கரம் உள்ளே நுழையாது. டயரில் காற்றைக் குறைத்தால் போதும், முழுக்க இறக்க வேண்டியதில்லை. ஹேண்டில்பார் போல்ட்களைக் கைக்கணக்கில் இறுக்கக் கூடாது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் என் ஸ்டெம்மில் 5 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருக்கிறது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து அதோடு நிறுத்த வேண்டும், கார்பன் வெடித்தால் அதோடு போனது. காற்றடிக்கும் சி.ஓ.2 குப்பிகளை விமானத்துக்கு எடுத்துப்போகாமல் அங்கேயே வாங்கச் சொன்னார், அதற்கான விதி விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறதாம்.

அப்புறம் மண். ஆஸ்திரேலியாக்காரர்கள் மண்ணையும் விதையையும் உள்ளே விடுவதில்லை. பயன்படுத்திய சைக்கிள், ஷூ எதுவாக இருந்தாலும் சுத்தமாக இருக்க வேண்டும், உள்ளே வரும்போது நிரப்புகிற அட்டையில் மண் ஒட்டிய பொருள், நன்னீரில் பயன்படுத்திய விளையாட்டுச் சாமான் இருக்கிறதா என்று கேட்டிருக்கும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எம்-4 சாலையில் கரும்புக் காட்டைத் தாண்டி பாலிட்டோ பக்கம் ஓட்டுகிறவன். வெட்சூட் ஹாவிக் பக்கத்து மிட்மார் அணையில் நனைந்தது. அண்ணா பல் துலக்கும் பிரஷ்ஷைக் கொடுத்து டயர் வரி, பெடல் இடுக்கு, ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டிக்கொள்ளும் கிளீட் எல்லாவற்றையும் தேய்க்க வைத்தார். சிட்னியில் நான் அட்டையில் "ஆம்" என்று குறித்திருந்தேன். அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி டயரிலும் ஷூவிலும் டார்ச் அடித்துப் பார்த்தார், ஐந்து நிமிடத்தில் மூடச் சொல்லிவிட்டார். பக்கத்து மேசையில் ஒருவருடைய ஷூவை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவிக்கொண்டிருந்தார்கள். மறைக்காமல் எழுதுங்கள், சுத்தமாகக் கொண்டுபோங்கள், அவ்வளவுதான்.

சிட்னியில் பெட்டியை எடுத்து மறுபடியும் உள்நாட்டு விமானத்தில் போட வேண்டும். அந்தக் கடைசிச் சின்னப் பயணத்தில் பெட்டி ஏறவில்லை. நான் பிரிஸ்பேனில் புதன்கிழமை இறங்கினேன், பெட்டி வந்தது வியாழன் சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அந்த ஒரு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், மாதக்கணக்கில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து பயிற்சி செய்தது முழுக்க அந்தப் பெட்டிக்குள் அடைந்து கிடப்பதுபோல் இருந்தது. டர்பனில் கிளம்பும்போதே பெட்டியை நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்திருந்ததால் தேடச் சொல்லும்போது உதவியது. பெட்டியோ சைக்கிளோ உடைந்து வந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், சர்வதேச விமானப் பயணத்துக்கு மான்ட்ரியல் உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் திறந்து பார்ப்பது நல்லது.

தங்கியிருந்த இடத்தின் தாழ்வாரத்தில் நானே பூட்டினேன். 40 நிமிடம். வெள்ளிக்கிழமை காலை ஓட்டிப் பார்த்தபோது முன் டிஸ்க்கில் உரசும் சத்தம். டர்பனில் அண்ணா வேண்டுமென்றே அதைக் கோணலாக வைத்துவிட்டு என்னைச் சரிசெய்ய வைத்திருந்தார்: பேட்கள் இருக்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்து, பிரேக் கையை அழுத்திப் பிடி, அப்படியே இறுக்கு. இரண்டு நிமிடத்தில் சத்தம் நின்றது. வேறு யாராவது டர்பனில் அடுக்கிக் கொடுத்திருந்தால் அன்றைக்கு நான் சைக்கிள் கடை தேடி அலைந்திருப்பேன்.

சனிக்கிழமை சைக்கிளை டிரான்சிஷனில், அதாவது நீந்தி வந்து சைக்கிள் எடுக்கும் இடத்தில், விடும்போது பிரேக், ஹெல்மெட் எல்லாம் பார்த்தார்கள். ஹேண்டில்பார் முனைகள் அடைத்திருக்க வேண்டும் என்பது விதி, விழுந்தால் திறந்த குழாய் உடம்பில் குத்திவிடும் என்பதற்காக. என் இடது முனையின் அடைப்பான் காணோம், பயணத்தில் எங்கேயோ உதிர்ந்திருக்கிறது. அறைக்குத் திரும்பி பெட்டியைத் திறந்து தேடினால் பெட்டி மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டிய ஒரு சின்னப் பொட்டலம். உதிரி அடைப்பான் இரண்டு, டெரெய்லர் கொக்கி ஒன்று, நான்கு போல்ட். அவர் என்னிடம் சொல்லவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பந்தயம் நன்றாகவே நடந்தது. ஸ்டிங்கர் என்று ஆஸ்திரேலியாக்காரர்கள் பயப்படுகிற, கொட்டும் ஜெல்லிமீன் சீசன் வடக்குக் கடலோரத்தில் ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரை, ஆகஸ்டில் அந்தக் கவலை இல்லை. டர்பனில் வெட்சிஸ் கடற்கரையில் நீந்திப் பழகியவனுக்கு அலை புதிதில்லை. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் சாலையில் தடுமாற்றமும் கிடையாது. முன்னால் போகிறவருக்குப் பின்னால் 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும், ஒட்டிக்கொண்டு காற்று மறைவில் போனால் தண்டனை நேரம். நீச்சல் 41 நிமிடம், எல்லாம் சேர்த்து 3 மணி 52 நிமிடம். பதக்கத்தை ஊருக்கு அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.

இனி குறைகள். பெட்டியின் ஒரு சக்கரம் ஜோஹன்னஸ்பர்க்கிலேயே திரும்ப மறுத்தது. 22 கிலோவுக்கு மேல் உள்ளதை நீளமான விமான நிலையத்தில் இழுத்துக்கொண்டு போவது தோளுக்கு நல்லதல்ல, பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அதுவும் நீச்சலுக்குப் போகிறவனுக்கு. திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன், முன்னால் எடுத்தவரும் அதையே சொன்னாராம். அப்படியென்றால் மாற்றியிருக்க வேண்டும். ஃபோம் பழசாகி ஓரங்களில் பொடிந்து கொட்டுகிறது, நான் குளிர்சாதனக் குழாய்க்குச் சுற்றுகிற ஸ்பாஞ்சை வாங்கி ஃபிரேமுக்குத் தனியாகச் சுற்றினேன், நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் மூன்று நாளில் வரும் என்றார்கள், ஒன்பது நாள் ஆனது, இரண்டு தடவை போன் செய்ய வேண்டியிருந்தது. திரும்பி வரும் விமானம் தாமதமாகி ஒரு நாள் கழித்துக் கொடுத்ததற்கு அந்த ஒரு நாள் வாடகையையும் பிடித்துக்கொண்டார்கள். ரசீதில் அப்படித்தான் போட்டிருக்கிறது, சட்டப்படி சரி, இருந்தாலும் டிக்கெட்டைக் காட்டிய பிறகு விட்டிருக்கலாம்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பெட்டிக்கு மட்டும் என்றால் மூன்று, அந்த சனிக்கிழமை மத்தியானத்துக்கு முழுசாக ஐந்து. பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றிய டர்பன் சாப்பாடு) வாங்கிக்கொண்டு நன்றி சொல்லப் போனேன், அண்ணா சாப்பிட்டுக்கொண்டே பொட்டலத்தில் இருந்தவற்றில் எதையெல்லாம் பயன்படுத்தினாய் என்றுதான் முதலில் கேட்டார். பயன்படுத்தாததைத் திருப்பிக் கொடுத்தேன், அடுத்து எடுக்கிறவருக்கு இப்போது அதே பெட்டி மூடியில் ஒட்டியிருக்கிறது.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் இரண்டு மாதம் முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும், பெட்டி மொத்தம் நாலுதான் இருக்கிறது. எடுக்கும்போது நான்கு சக்கரத்தையும் கடை வாசலில் உருட்டிப் பாருங்கள், நான் எடுத்த, சிவப்புப் பூட்டு போட்ட பெட்டியாக இருந்தால் வேறு கேளுங்கள்.